ஆயாவையும் கூட்டிக்கொண்டு பாய்மரப் படகில்: கிளம்புமுன் வீட்டில் செய்த ஏற்பாடுகள்

பெரிய குடும்பமாகப் பாய்மரப் படகில் போகலாமா என்று கேட்பவர்களிடம், வரைபடத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் வீட்டு ஆட்களைப் பற்றிப் பேசலாம் என்பேன். காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று சொல்ல அங்கே கேப்டன் இருப்பார். ஆயாவால், அதாவது எங்கள் பாட்டியால், எத்தனை படி ஏற முடியும், சின்னவன் பயந்தால் என்ன செய்வான், யாருக்கும் யாருக்கும் ஒரே சமையலறையில் ஒத்துவராது என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும். பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

நாங்கள் காட்பாடிக்காரர்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதே, அதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊரில் பார்த்த பெரிய தண்ணீர். அப்படிப்பட்ட வீட்டில் கடல் பயணப் பேச்சு எழுந்ததற்குக் காரணம் ஆயா. ஆயாவின் அண்ணன் வாலிப வயசில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணியில் இருக்கிறார்கள். கண் நன்றாகத் தெரியும்போதே அவர்களைப் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆயா சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டு மாமாதான், வருவது வருகிறீர்கள், லங்காவித் தீவில் ஒரு படகு எடுத்து இரண்டு குடும்பமும் சேர்ந்து இருக்கலாமே என்றார். எங்கள் பக்கத்தில் பெரிய மாமா கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்துக்குப் போவது வழக்கம். இவர் கடல் பக்கம் போய்விட்டார். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது.

நம் கரையிலேயே போகக்கூடாதா என்று வீட்டில் முதலில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சென்னையிலிருந்து புதுச்சேரிவரை கடல்வழி சுமார் 70 கடல் மைல். நடுவில் காற்றுக்கு ஒதுங்கி நங்கூரம் போட இயற்கையான மறைவு எதுவும் கிடையாது. வங்கக்கடலின் அலை நேராகக் கரைக்கு வரும். பழகியவர்களுக்கு அது பரவாயில்லை. முழங்கால் வலிக்காரர்களையும் ஆறு வயசுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் நான் போகமாட்டேன். லங்காவி தீவுக்கூட்டம். ஒரு பக்கம் காற்று அதிகமானால் இன்னொரு தீவின் பின்னால் போய் நின்றுகொள்ளலாம். டிசம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது அந்தப் பக்கம் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு அதிகாலையில் சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்ச் சூறைக்காற்று வருவதுண்டு. அதனால் பொங்கல் கழித்துக் கிளம்புவது என்று முடிவானது. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவில் 30 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம் என்பதும் வசதியாகப் போயிற்று. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் மட்டும் ஒவ்வொருவருக்கும் நிரப்பவேண்டும். அந்த வேலையை வீட்டில் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வைப்பது ரொம்ப முக்கியம். பாய்மரப் படகு சாதாரணமாக 5 நாட் போகும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். வேலூரிலிருந்து ஆம்பூர் 50 கிலோமீட்டர். இந்த வேகத்தில் ஐந்தரை மணி நேரம் ஆகும். அதுவும் காற்று எதிரே அடித்தால் நேராகப் போகமுடியாது. இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேறவேண்டும், அப்போது 50 கிலோமீட்டர் 70 ஆகிவிடும். இதைக் கணக்குப் போட்டுச் சொன்னதும் சித்தப்பா தான் எழுதிவைத்திருந்த ஊர்ப் பட்டியலை அவரே பாதியாக வெட்டினார். ஒரு நாளைக்குப் பாய் விரித்து ஓடுவது மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் தாராளம். லங்காவிப் பக்கம் அந்த மாதங்களில் காலையில் காற்று நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் பல நாள் ஓய்ந்துவிடும். காலைச் சாப்பாடு முடிந்ததும் நங்கூரம் எடுத்து, வெயில் ஏறுமுன் அடுத்த இடத்தில் போட்டுவிடுவது எல்லோருக்கும் தோதாக இருந்தது.

ஒத்திகை இரண்டு விதமாகப் பார்த்தோம். ஒன்று, புதுச்சேரியில் அரை நாள் கடலுக்குள் போய்வந்தது. யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் வாயை மூடிக்கொண்டு ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனிக்கத்தான். ஏலகிரியில் புங்கனூர் ஏரியில் பெடல் படகு ஓட்டியதை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது, அங்கே அலையே கிடையாது.

இன்னொன்று கிணறு. குடியாத்தம் பக்கத்தில் சித்தப்பாவின் மாந்தோப்பில் படி வைத்த பழைய கிணறு இருக்கிறது. மழை முடிந்த சமயம், தண்ணீர் மேல் படிவரை நின்றது. படகில் குழந்தைகள் அளவு லைஃப் ஜாக்கெட் கிடைக்குமோ என்னவோ என்று நாங்களே வாங்கியிருந்தோம். அதை மாட்டிக்கொண்டு சின்னவன் மூன்றாம் படியிலிருந்து குதித்தான். ஜாக்கெட் மிதந்தது, பையன் அதற்குள் கீழே இறங்கினான். கழுத்துப் பட்டை காதுவரை ஏறி, வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற பெரிய மாமா தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அப்புறம் அவனைப் படியில் உட்காரவைத்து, தொடைகளுக்கு நடுவே வந்து முன்னால் மாட்டும் பட்டையை இழுத்துக் கட்டினார். மறுபடி குதித்தான். இந்த முறை மோவாய் தண்ணீருக்கு மேலேயே நின்றது. பிள்ளைகள் ஜாக்கெட்டில் அந்தப் பட்டை இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். வயதைப் பார்க்காமல் உள்ளே எழுதியிருக்கும் எடையைப் பாருங்கள். மாட்டிய பிறகு தோள்பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கவேண்டும், ஜாக்கெட் மோவாயைத் தாண்டினால் அளவு சரியில்லை.

கிணற்றில் நீச்சல் கற்ற எங்கள் பிள்ளைகள் நன்றாகவே நீந்துவார்கள். ஆனால் நாலு கை போட்டதும் சுவர் வரும் என்று உடம்பு பழகியிருக்கிறது. கடலில் பிடிக்கச் சுவர் இல்லை, நீரோட்டம் வேறு. அதனால் நங்கூரம் நன்றாகப் பிடித்து, இன்ஜினை நிறுத்திய பிறகுதான் தண்ணீரில் இறங்கலாம். படகின் பின்னால் மிதவை கட்டிய நீளக் கயிறு எப்போதும் கிடக்கவேண்டும். பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் மேலே நின்று தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கவேண்டும். இறங்குமுன் ஒரு காய்ந்த இலையைப் போட்டுப் பார்த்தால் நீரோட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று தெரிந்துவிடும். அந்தக் கடலில் ஜெல்லிமீன் உண்டு. கை கால் மூடிய நீச்சல் உடையும் ஒரு பாட்டில் வினிகரும் கையில் இருக்கட்டும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. நம் வீடுகளில் பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லை. படகில் அது ஆபத்தில் கொண்டுபோய் விடும். அங்கே முடிவு எடுக்கும் ஆள் ஒருவர்தான், அவர் வயதில் நம் மகன் போல இருந்தாலும் அவர் சொல்வதுதான். இதை இளையவர்கள் சொன்னால் எடுபடாது, மூத்தவர் வாயிலிருந்து வரவேண்டும். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியபோது பெரிய மாமாவே பேசினார். "நான் நேவில இருந்தேன்றது இங்க பேசறதுக்கு. அங்க அந்தப் புள்ள இன்னா சொல்றாரோ அதுதான். நடுவுல நானே எதிர்த்துப் பேசினாலும் நீங்க யாரும் கேக்கக்கூடாது" என்றார். ஆயா உட்பட எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சுக்கு வேலை வந்தது. லங்காவியின் மேற்கே இருக்கும் துறைமுகத்துக்குச் சுற்றிக்கொண்டு போவதாக இருந்த அன்று, காற்று 25 நாட் வேகத்துக்கு ஏறும் என்று முன்னறிவிப்பு வந்தது. வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. கேப்டன் போகவேண்டாம் என்றார். மலாய்க்காரப் பையன், முப்பது வயசுக்குள்தான் இருக்கும். சித்தப்பாவுக்கு மனசே இல்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்று ஆரம்பித்தார். பெரிய மாமா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, காயப்போட்டிருந்த துண்டை எடுத்து மடித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துகொண்டார். பேச்சு அதோடு முடிந்தது. மதியம் தீவுக்கு அந்தப் பக்கம் வெள்ளை நுரை தெறிப்பது நாங்கள் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் வைத்துக்கொண்டோம். யாராவது வேண்டாம் என்றால் ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. ஆயாவுக்கும் பெரியம்மாவுக்கும் முதல் சில இரவுகளுக்குக் கரையிலேயே, குவா ஊரில், அறை போட்டிருந்தோம். பகலில் படகுக்கு வருவார்கள், சாயங்காலம் கரைக்குப் போய்விடுவார்கள். பழகிய பிறகு ஆயாவே இன்றைக்கு இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த அறைக் காசு வீண் என்று சிலர் சொன்னார்கள். இறங்கிப்போக ஓர் இடம் இருக்கிறது என்ற தெம்பில்தான் ஆயா ஏறவே ஏறினார்.

படகு எடுக்கும்போது இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வகையையே கேளுங்கள். ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும், வயதானவர்களுக்கு அது ஒத்துவராது. 40 அடி கேட்டமரானில் பொதுவாக நாலு அறை, எட்டுப் பேர் படுக்கலாம். கேப்டனுக்கும் படுக்க இடம் வேண்டும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி வைக்க இடம் இருக்காது, மடித்துச் சுருட்டி வைக்கிற துணிப்பைதான் வசதி.

கழிப்பறை விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். படகுக் கழிப்பறையின் குழாய் குறுகலானது. உடம்பிலிருந்து போவதைத் தவிர வேறு எதையும் அதற்குள் போடக்கூடாது. ஈரத் துடைப்புத்தாள், நாப்கின் ஒன்று போனாலும் அடைத்துக்கொள்ளும், கடல் நடுவில் அதைப் பிரித்து எடுப்பது கொடுமை. பல படகுகளில் கைப்பிடியை அடித்துத்தான் தண்ணீர் ஏற்றி இறக்கவேண்டும். கழுவிக்கொள்ளத் தனிக் குழாய் இல்லாவிட்டால் முகம் கழுவும் தொட்டிக் குழாயை வெளியே இழுத்துக்கொள்ளலாம். ஒரு சின்ன மக் கொண்டுபோனது எல்லோருக்கும் நிம்மதி. முதல் நாளே ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருப்பவர்களால்தான் அடைப்பு வரும்.

குடிக்கவும் சமைக்கவும் தனியாகக் கேன் தண்ணீர் வைத்துக்கொண்டு, மற்றதற்குத் தலைக்கு ஒரு குடம், அதாவது 15 லிட்டர், என்று வைத்தோம். உடம்பை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவது என்று குளித்தால் அது போதும். பாத்திரத்தை முதலில் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீர். 2019 கோடையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனபோது எங்கள் தெருவிலும் லாரிக்கு வரிசையில் நின்றவர்கள்தான் நாங்கள். பெரியவர்களுக்கு இது சிரமமாகவே இல்லை, பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது.

சமையலைப் பற்றிக் கண்டிப்பாக முன்கூட்டியே பேசுங்கள். பேசாமல் விட்டால் ஆண்கள் மேலே காற்று வாங்க, பெண்கள் கீழே அடுப்படியில் வியர்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுவும் ஓடுகிற படகில் கீழே குனிந்து வெங்காயம் நறுக்கினால் குமட்டல் வராதவர்களுக்கும் வரும். நாங்கள் கிளம்புமுன்பே முறை போட்டு, யார் யார் எந்த வேளை என்று எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினோம். ஒவ்வொரு முறையிலும் ஓர் ஆண் கட்டாயம். நங்கூரம் போட்டிருக்கும்போது மட்டுமே அடுப்பு. ஓடும்போது காலையில் கிளறிவைத்த புளிச்சாதம்தான். வடை, பூரி என்று எண்ணெய் காய்ச்சும் எதுவும் படகில் கூடாது. மூடி பூட்டிக்கொள்ளும் குக்கர் நல்லது. மிக்ஸி ஓடாது, அதனால் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், கேழ்வரகு மாவு எல்லாம் வீட்டிலேயே தயார் செய்து கட்டிக்கொண்டோம். நம் ஊர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு ஆசைப்பட்டார் மலேசிய மாமா. பச்சைக் காய்கறியை அந்த நாட்டுக்குள் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடாது என்பதால் எடுத்துப்போகவில்லை. சமையல் முடிந்ததும் கேஸை உருளையிலேயே மூடவேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கிவிடும், ஒரு பொறி போதும். இதே காரணத்தால் அறைக்குள் சூடம், விளக்கு வேண்டாம் என்று ஆயாவிடம் சொன்னோம். உடனே ஒப்புக்கொண்டார்.

உடை. பாய்க்கயிற்றை இழுத்துச் சுற்றும் உருளைக்கு விஞ்ச் என்று பெயர். அது சுழலும்போது துப்பட்டாவோ முந்தானையோ பின்னலோ மாட்டினால் ஆளையே இழுக்கும். விரலில் மோதிரம் இருந்தால் விரலே போய்விடக்கூடும். கயிற்றில் கை வைப்பவர்கள் மோதிரம், வளையல் கழற்றி, முடியைக் கொண்டை போட்டுத் துணியால் கட்டியிருக்கவேண்டும் என்பதில் நாங்கள் யாருக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. ஆயா புடவைதான் கட்டுவார், அதை மாற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பாய் ஏற்றி இறக்கும் நேரத்தில் அவர் நடுவில், விஞ்சுக்கு எட்டாத இருக்கையில் உட்கார்ந்திருப்பது என்று ஏற்பாடு.

குமட்டல் மாத்திரை வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முந்தைய இரவோ கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்போ போடவேண்டும். கண்ணில் நீர் அழுத்தம், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு அவற்றில் பல ஆகாது, நீர் மாத்திரை சாப்பிடுபவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே வரவேண்டும். பயணக் காப்பீட்டில் பாய்மரப் படகுக்குப் பாதுகாப்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் சாகச விளையாட்டு என்று விலக்கிவிடுவார்கள்.

முதல் இரவின் சத்தங்களைப் பற்றியும் சொல்லிவையுங்கள். நங்கூரச் சங்கிலி கடலடியில் உரசும்போது உறுமுவது போல் கேட்கும். தலைமாட்டில் தண்ணீர் தட்டிக்கொண்டே இருக்கும். கொடிமரத்தில் கயிறு அடிக்கும். இன்ன சத்தம் இன்னது என்று தெரிந்தால் தூக்கம் வந்துவிடும். தண்ணீர் ஆழத்தைப் போல் நாலைந்து மடங்கு சங்கிலி விட்டிருக்கிறார்கள், படகு நகர்ந்தால் அலாரம் அடிக்கும் என்பதைப் பெரிய மாமா எல்லோருக்கும் விளக்கினார்.

பிள்ளைகளுக்குச் சலிப்பு வரும், அதற்கும் ஏதாவது வேண்டும். லங்காவிக்குப் போக கோல கெடாவில் ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது தெற்கே ஜெராய் மலை தெரிந்தது. வங்கக்கடல் தாண்டி வந்த கப்பல்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கோயில் இடிபாடுகள் இருக்கின்றன. நம் மக்கள் கடாரம் என்று சொன்ன பகுதி. 1025இல் ராஜேந்திர சோழன் படையனுப்பிய கடாரம். அவன் அப்பா ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்காகக் கட்டிய கோயில் எங்கள் காட்பாடி வட்டத்து மேல்பாடியில் இருக்கிறது, பிள்ளைகள் பார்த்த கோயில்தான். இதைச் சொன்னதிலிருந்து, இவ்வளவு தூரம் எந்தக் காற்றில் வந்தார்கள், தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்று ஓயாமல் கேள்விகள். கேப்டன் சுக்கான் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அண்ணன் மகள் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

செலவு: படகு வாடகையை அறைக் கணக்கிலும், சாப்பாட்டைத் தலைக் கணக்கிலும் பிரித்தோம். ஆயாவின் பங்கு எல்லோருக்கும் பொது. வாடகைக்கு மேலே கேப்டன் சம்பளம், அவர் சாப்பாடு, டீசல், துறைமுகக் கட்டணம், சேதத்துக்கான முன்வைப்புத் தொகை எல்லாம் இருக்கும், அத்தனையும் எழுத்தில் வாங்குங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்த மாதங்களில்தான் வரும், படகு, ஃபெர்ரி, அறை எல்லாம் நிரம்பிவிடும். பொங்கலுக்குப் பிறகு போக ஆடியிலேயே பேச்சை ஆரம்பிக்கவேண்டும். வயதானவர்களுக்கு ஆதாரில் ஒரு பிறந்த தேதி, வேறு சான்றில் இன்னொரு தேதி இருக்கும். அதைச் சரிசெய்து பாஸ்போர்ட் வாங்கவே மாதங்கள் ஓடிவிடும்.

அண்ணன் மகளுக்கு இப்போது பதினொன்று. புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டு தில்னாவோடு தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகையே சுற்றி 2025 மே மாதம் திரும்பியதை அவளுக்குப் பெரிய மாமா சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் தனியாக ஓட்டும் சின்னப் படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர், 15 வயதுவரை அதில் போட்டியிடலாம். சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் இருக்கின்றன. காட்பாடியிலிருந்து காலை ரயிலைப் பிடித்தால் சென்னைக்கு இரண்டு மணி நேரம்தான். சனி, ஞாயிறுகளில் யார் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் இப்போது வீட்டில் பேச்சு. பெரிய மாமா தான் போவதாகச் சொல்லியிருக்கிறார்.